ரெக்டர், விக்கர், கியூரேட்: ஓர் ஆங்கிலிகன் குருவின் பிழைப்பு எப்படி நடந்தது?

பழைய ஆங்கில நாவல்களைப் படிக்கிறவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். ஊருக்கு ஒரு சர்ச், சர்ச்சுக்கு ஒரு குருவானவர். ஆனால் அவரை ஒரு கதையில் ரெக்டர் என்கிறார்கள், இன்னொன்றில் விக்கர், வேறொன்றில் கியூரேட். மூவரும் அதே வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு, அதே ஜெபப் புத்தகத்தை வாசித்து, அதே ஞானஸ்நானத்தைக் கொடுக்கிறார்கள். ஆனால் ஒருவர் வீட்டு வாசலில் சொந்தக் குதிரைவண்டி நிற்கும். இன்னொருவர் நைந்த கோட்டோடு வாடகை அறையில் இருப்பார். ஏன் இந்த வித்தியாசம்?

விடைக்கு வேதாகமத்தைப் புரட்டிப் பயனில்லை. நிலப் பத்திரத்தையும் வருமானக் கணக்கையும்தான் பார்க்க வேண்டும். அதைப் பொதுவாகச் சொன்னால் தலை சுற்றும் என்பதால், ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு போவோம். அவர் பெயர் கில்பர்ட் ஒயிட். தெற்கு இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்துச் செல்போர்ன் என்ற சிற்றூர்க்காரர். 1720-ல் பிறந்து 1793-ல் இறந்தவர். பறவைகளையும் பூச்சிகளையும் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் 1789-ல் புத்தகமாக வந்தன; இன்றுவரை அச்சில் இருக்கின்றன. அந்த ஊரை உலகத்துக்குத் தெரியவைத்தவரே அவர்தான். பிறந்ததுகூட அந்த ஊர்க் குருமனையில், விக்கராக இருந்த தாத்தாவின் வீட்டில். ஆனால் ஒயிட் ஒருநாள்கூட செல்போர்னின் விக்கராக இருந்ததில்லை. கடைசிவரை அங்கே அவர் வெறும் கியூரேட். ஏன் அப்படி ஆனது என்று புரிந்துவிட்டால், அந்தக் காலத்து ஆங்கிலிகன் சபை இயங்கிய விதம் பெரும்பாலும் புரிந்துவிடும்.

முதலில் அடிப்படை. எட்டாம் ஹென்றி காலத்தில் ரோமிலிருந்து பிரிந்த இங்கிலாந்துச் சபைதான் ஆங்கிலிகன் சபை. அரசர் அதன் தலைவர். பேராயர்களில் சிலருக்கு நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவையில் இடமுண்டு. இன்றும் 26 பேர் அங்கே உட்காருகிறார்கள். நம்மூர் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, 1947-ல் உருவானபோது அதில் சேர்ந்த சபைகளில் ஆங்கிலிகனும் ஒன்று. அதனால் திருநெல்வேலிப் பக்கத்தார்க்குப் பேராயர், சேகரம், உதவிக்குரு என்ற சொற்கள் எல்லாம் வீட்டுப் பேச்சு.

சபையில் பட்டங்கள் மூன்றுதான். முதலில் உதவிக்குரு, அதாவது டீக்கன்; 23 வயது ஆகியிருக்க வேண்டும். அப்புறம் குரு, அதற்கு 24. கடைசியில் பேராயர். உதவிக்குரு ஞானஸ்நானம் கொடுக்கலாம், பிரசங்கம் செய்யலாம். ஆனால் திருவிருந்தில் அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதிக்க முடியாது. அதற்குக் குருப்பட்டம் வேண்டும். மற்றவர்களுக்குப் பட்டம் கொடுக்கப் பேராயரால்தான் முடியும். நமக்குத் தெரிந்த கால்டுவெல் 1838-ல் சென்னைக்கு வந்தபோது வேறொரு மிஷனைச் சேர்ந்தவர். ஆங்கிலிகன் சபைக்கு மாறியதும், 1841-ல் அந்தச் சபையின் பட்டத்தைப் பெற்றுக்கொண்டுதான் இடையன்குடியில் வேலையைத் தொடங்கினார். 1877-ல்தான் பேராயர் ஆனார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரெக்டர், விக்கர், கியூரேட் எதுவும் இந்த மூன்றில் வரவில்லை. அவை பட்டங்களே இல்லை. மூவரும் பெற்றிருப்பது ஒரே குருப்பட்டம்தான். ஊரின் வருமானத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத்தான் அந்தப் பெயர்கள் சொல்கின்றன.

அந்த வருமானத்துக்கு மூலம் தசமபாகம். ஊரில் விளைவதில் பத்தில் ஒன்று சபைக்கு. விருப்பப்பட்டால் கொடுக்கிற காணிக்கை இல்லை இது; கொடுக்காவிட்டால் வழக்குப் போடலாம். ஏறக்குறைய நம்மூர் மேல்வாரம் மாதிரி, நிலத்தோடு ஒட்டிய கடமை. கோதுமையை அறுத்துக் கட்டிய பிறகு, ஒவ்வொரு பத்தாவது கட்டின் மேலும் ஒரு பச்சைக் கொப்பைச் செருகி வைப்பார்கள். அது சபையின் கட்டு. சபையின் ஆள் வண்டியோடு வந்து ஏற்றிக்கொண்டு போவான். தானியம், வைக்கோல், விறகு இவற்றில் வருவது பெருந்தசமபாகம். ஆட்டுக்குட்டி, கம்பளி, பால், முட்டை, பழம், தேன் போன்றவை சிறுதசமபாகம். ஞாயிற்றுக்கிழமை அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர் திங்கட்கிழமை முட்டைக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய நிலை. குடியானவர்களுக்கும் குருமாருக்கும் நடந்த சண்டைகளில் பெரும்பங்கு இதனால் வந்ததுதான்.

சரி, இப்போது பெயர்களுக்கு வருவோம். இரண்டு வகைத் தசமபாகமும் முழுசாகத் தனக்கே வரப் பெற்றவர் ரெக்டர். சிறுதசமபாகம் மட்டும் வரப் பெற்றவர் விக்கர். அப்படியானால் அந்த ஊரின் பெருந்தசமபாகம் யாரிடம் போனது? பெரும்பாலும் ஒரு மடத்திடம். இடைக்காலத்தில் மடங்கள் நூற்றுக்கணக்கான ஊர்ச் சர்ச்சுகளைத் தங்கள் வசம் எடுத்துக்கொண்டன. தானியத்தை மடம் எடுத்துக்கொள்ளும். ஊர் வேலைக்கு ஒருவரை நியமித்து முட்டையையும் கம்பளியையும் அவருக்கு விட்டுவிடும். பிறகு எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அந்த உரிமைகள் பெரும்பாலும் சபைக்குத் திரும்பவில்லை. பிரபுக்களும் நிலக்கிழார்களும் கல்லூரிகளும் வாங்கிக்கொண்டார்கள்.

செல்போர்னில் இதுவே கொஞ்சம் முன்னதாக நடந்தது. அங்கே 1233-ல் வின்செஸ்டர் பேராயர் பீட்டர் தே ரோஷ் ஒரு மடம் கட்டினார். இருநூற்றைம்பது ஆண்டில் அது சீரழிந்து, துறவிகளே இல்லாத நிலைக்கு வந்தது. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில், அப்போதைய வின்செஸ்டர் பேராயர் வில்லியம் வேன்ஃபிளீட் அதன் சொத்தை எல்லாம் ஆக்ஸ்போர்டின் மாட்லின் கல்லூரிக்கு எழுதிவைத்தார். அந்தக் கல்லூரியைத் தொடங்கியவரும் அவரே என்பதால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆக, செல்போர்ன் வயலில் யார் கோதுமை விதைத்தாலும், அந்த ஊருக்கு விக்கர் யார் என்பதை முடிவு செய்வது தொலைவிலுள்ள ஒரு கல்லூரி என்றாகிவிட்டது.

இந்த உரிமைக்கு ஆங்கிலத்தில் அட்வவ்சன் என்று பெயர். நாம் பரிந்துரை உரிமை என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பொறுப்பையும் அதனோடு வருகிற வருமானத்தையும் வீட்டையும் சேர்த்து ‘லிவிங்’ என்பார்கள். லிவிங் காலியானால், உரிமைக்காரர் ஒரு குருவின் பெயரைச் சொல்வார். தகுதிக்குறைவு ஏதும் இல்லை என்றால் பேராயர் மறுக்க முடியாது. பிறகு புதியவரை சர்ச் வாசலுக்கு அழைத்துப்போய், கையைச் சாவி மேல் வைத்துக் கதவைத் திறக்கவிட்டு, உள்ளே போய் மணியை அடிக்கச் சொல்வார்கள். மணி அடித்தாயிற்றென்றால் ஊர் அவர் வசம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதன்பின் பெரிய குற்றம் ஏதாவது செய்தாலொழிய சாகும்வரை யாரும் அவரை அசைக்க முடியாது. பேராயர் நினைத்தால் மாற்றல் உத்தரவு போடும் நம்மூர் வழக்கம் அங்கே செல்லாது.

நமக்கு விநோதமாகப் படுவது இன்னொன்று. இந்தப் பரிந்துரை உரிமை விற்று வாங்கக்கூடிய சொத்து. ஏலத்தில் வரும்; பத்திரிகையில் விளம்பரம் வரும். இப்போதிருக்கும் குருவுக்கு வயது அதிகம் என்றால் விலை கூடும், ஏனென்றால் சீக்கிரம் காலியாகிவிடும்! நாவலாசிரியை ஜேன் ஆஸ்டனின் தந்தை ஜார்ஜ் ஆஸ்டன் அதே ஹாம்ப்ஷயரில் ஸ்டீவன்டன் ஊரின் ரெக்டர். அந்த லிவிங்கைக் கொடுத்தவர் வசதியான உறவினர். போதாதென்று, பக்கத்து டீன் ஊரின் லிவிங்கையும் இன்னொரு உறவினர் அவருக்காக விலைகொடுத்து வாங்கித் தந்தார். இதையெல்லாம் யாரும் ஒளித்துச் செய்யவில்லை. மகனுக்கு ராணுவத்தில் அதிகாரிப் பதவியை வாங்கிக்கொடுப்பது எப்படி வழக்கமோ, அப்படித்தான் இதுவும்.

உறவினர் யாரும் இல்லாதவனுக்கு வழி கல்லூரி. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் ஃபெல்லோக்கள், அதாவது கல்லூரியின் நிலையான அறிஞர் உறுப்பினர்கள், பெரும்பாலும் குருப்பட்டம் பெற்றவர்கள். அவர்களுக்கு அறை, சாப்பாடு, ஆண்டுதோறும் வருமானத்தில் பங்கு எல்லாம் உண்டு. ஒரே ஒரு தடை: கல்யாணம் செய்துகொண்டால் ஃபெல்லோ பதவி போய்விடும். அதனால்தான் கல்லூரிகள் லிவிங்குகளைச் சேர்த்து வைத்தன. எங்கோ ஒரு ஊரில் கிழவர் ஒருவர் காலமானதும், வரிசையில் மூத்த ஃபெல்லோ அந்த லிவிங்கை எடுத்துக்கொண்டு, பத்து ஆண்டாகக் காத்திருந்த பெண்ணை மணந்துகொண்டு போவார். அந்தக் காலத்துக் காதல்களில் பல, முன்பின் தெரியாத ஒரு குருவின் மரணத்துக்காகக் காத்துக்கிடந்திருக்கின்றன.

ஒயிட்டின் தாத்தா மாட்லின் கல்லூரியின் ஃபெல்லோ. அந்த வரிசையில்தான் செல்போர்ன் விக்கராக வந்தார். பேரனோ பத்தொன்பது வயதில் சேர்ந்தது ஓரியல் கல்லூரியில். படித்து முடித்து 1744-ல் அங்கேயே ஃபெல்லோவும் ஆனார். செல்போர்ன் லிவிங் மாட்லின் கையில். மாட்லின் தன் ஆட்களுக்குத்தான் அதைக் கொடுக்கும். கல்லூரி வாசலை மாற்றி நுழைந்த அன்றே, பிறந்த ஊரின் விக்கர் பதவி கைவிட்டுப் போயிற்று. பக்தியும் படிப்பும் ஊர்ப்பாசமும் எவ்வளவு இருந்தும் இதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

1749-ல் ஒயிட்டுக்கு முழுக் குருப்பட்டம் கிடைத்தது. பட்டம் பெறுகிறவருக்குப் பிழைப்புக்கு ஓர் இடம் இருக்க வேண்டும் என்பது சபை விதி. ஃபெல்லோ பதவி அதற்குப் போதும். கொஞ்ச காலம் ஆக்ஸ்போர்டில் நிர்வாகப் பொறுப்புகளைப் பார்த்தார். 1757-ல் ஓரியல் தலைவர் பதவிக்கு முயன்று தோற்றார். அவருக்குள் லட்சியமே இல்லை என்று சொல்ல முடியாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். அதே காலத்தில் நார்த்தாம்ப்டன்ஷயரில் மோர்ட்டன் பிங்க்னி என்ற ஊரின் ‘நிரந்தர கியூரேட்’ பொறுப்பு கல்லூரி வழியாக வந்தது.

நிரந்தர கியூரேட் என்பது இன்னும் ஒரு படி கீழே. சிறுதசமபாகமும் இல்லை, ஒரு நிலையான தொகை மட்டும் கிடைக்கும். ஆனால் விக்கரைப் போலவே இவரையும் எடுக்க முடியாது. நாவலாசிரியைகளான பிராண்ட்டி சகோதரிகளின் தந்தை பேட்ரிக் பிராண்ட்டி ஹாவர்த்தில் 1820 முதல் 1861-ல் இறக்கும்வரை இருந்தது இந்தப் பதவியில்தான். அவராவது ஊரிலேயே இருந்தார். ஒயிட் மோர்ட்டன் பிங்க்னியில் குடியேறவே இல்லை. பதவி அவருக்கு, வேலைக்கு வேறொரு குரு.

அந்த ‘வேறொரு குரு’தான் சாதாரண கியூரேட். ரெக்டரோ விக்கரோ ஊரில் இல்லாதபோது, அல்லது இரண்டு மூன்று ஊர்களைச் சேர்த்து வைத்திருக்கும்போது, சம்பளத்துக்கு அமர்த்தப்படுகிறவர். ஊரில் இல்லாதவர் அமர்த்தும் கியூரேட்டுக்கு ஆண்டுக்கு 20 முதல் 50 பவுண்டுக்குள் சம்பளம் நிர்ணயிக்க 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சட்டம் பேராயர்களுக்கு அதிகாரம் கொடுத்தது. சட்டமே போட வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். லிவிங்கின் சொந்தக்காரர் செத்தாலோ மனம் மாறினாலோ கியூரேட் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒயிட்டுக்கு மட்டும் பசி இல்லை. ஃபெல்லோ பதவியின் வருமானம் வந்துகொண்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாததால் அது சாகும்வரை வந்தது. 1763-ல் ‘தி வேக்ஸ்’ என்ற குடும்ப வீடும் அவர் பெயருக்கு வந்தது. சொத்து வந்த பிறகும் ஃபெல்லோ பதவியை விடவில்லையே என்று கல்லூரியில் முணுமுணுப்பும் எழுந்தது. வேறு ஊர்களில் நல்ல லிவிங்குகள் கிடைக்கும் வாய்ப்பு வந்தபோதும் தட்டிவிட்டார். செல்போர்னை விட்டு நகர அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் சுற்றுவட்டாரத்திலேயே கியூரேட் வேலை பார்த்தார். பக்கத்து ஃபாரிங்டனில் 1761 முதல் இருபது ஆண்டுக்கு மேல். அந்த ஊருக்கு அதுவரை ரெக்டராக இருந்தவர் யார் தெரியுமா? ஸ்டீபன் ஹேல்ஸ். குதிரையின் ரத்தக்குழாயில் பித்தளைக் குழலைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்து, ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறுவதைக் காட்டியவர். ரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் என்று மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்களே, அவரேதான். அவரும் ஆங்கிலிகன் குரு. குடியிருந்தது லண்டன் அருகே டெடிங்டனில், அங்கே நிரந்தர கியூரேட். ஃபாரிங்டனின் ரெக்டர் பதவி கூடுதல். வாரத்துக்கு இரண்டு ஆராதனை, எப்போதாவது ஒரு கல்யாணம், ஓர் அடக்கம். மீதி நேரம் தன்னுடையது, வருமானமும் நிச்சயம். விஞ்ஞானத்துக்குத் தனிச் சம்பளம் இல்லாத அந்த நூற்றாண்டில் குருமார் பலர் ஆராய்ச்சியில் இறங்கியதற்குக் காரணம் இந்த ஓய்வுதான் என்று நினைக்கிறேன். சார்லஸ் டார்வினைக்கூட அவர் அப்பா கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது குருவாக்கத்தான்.

1784-ல் செல்போர்ன் விக்கர் ஆண்ட்ரூ எட்டி இறந்தார். மாட்லின் கல்லூரி வழக்கம்போலத் தன் ஆளை நியமித்தது. அவருக்காக ஊர் வேலையைப் பார்க்கும் கியூரேட்டாக, 64 வயதில், ஒயிட் அமர்ந்தார். அந்த ஊரில் அவர் கியூரேட் ஆனது அது நான்காவது முறை! இறக்கும்வரை அந்த வேலையில்தான் இருந்தார்.

கியூரேட் என்ன செய்வார் என்று பார்க்க அவருடைய பதிவேடே போதும். சர்ச்சில் நடக்கும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைப்பது குருவின் வேலை. 1754-ல் அமலுக்கு வந்த கல்யாணச் சட்டத்தின்படி, பெரும்பாலோருக்கு ஊர்ச் சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, அதாவது கல்யாண அறிவிப்பைப் படித்து, நடத்தினால்தான் கல்யாணம் செல்லும். ஆகவே ஊரில் யார் பிறந்தார், யார் யாரை மணந்தார், யார் போய்ச்சேர்ந்தார் எல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்கும். ஒயிட் அதோடு நிற்கவில்லை. 1783-ல் ஊரையே எண்ணினார்: தெருவில் 313 பேர், மற்ற இடங்களில் 363, மொத்தம் 676. பழைய ஏடுகளைப் புரட்டி 1720 முதல் 1779 வரை அறுபது ஆண்டுக் கணக்கையும் போட்டு, அடக்கங்களைவிட ஞானஸ்நானங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம் என்று கண்டார். இங்கிலாந்தில் அரசு முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தியது 1801-ல்தான்.

பறவைகளிடமும் அதே பதிவேட்டுப் புத்திதான். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் மூன்று சின்னக் கதிர்க்குருவிகளைப் பாட்டை வைத்தே மூன்று தனி இனங்கள் என்று பிரித்தார். கொல்லையில் ஊரும் மண்புழு இல்லாவிட்டால் பூமியே கெட்டுவிடும் என்று 1777-லேயே எழுதினார். எனக்குப் பிடித்தது அவருடைய ஆமை. ரிங்மர் ஊரில் அத்தை வளர்த்தது, பெயர் டிமோத்தி. 1780-ல் அத்தை இறந்ததும், தூங்கிக்கொண்டிருந்த ஆமையை மண்ணிலிருந்து தோண்டி, பெட்டியில் வைத்து, வாடகைக் குதிரைவண்டியில் எண்பது மைல் கொண்டுவந்தார். வண்டி குலுங்கிய குலுக்கலில் அதற்கு விழிப்பு வந்துவிட்டது. தோட்டத்தில் இறக்கிவிட்டதும் இரண்டு தடவை கடைசிவரை நடந்துபோய் வந்ததாம். அதற்குக் காது கேட்குமா என்று சோதிக்க, பேச்சுக்குழலை வாயில் வைத்து அதன் பக்கத்தில் உரக்கக் கத்தியும் பார்த்தார் அந்தக் குருவானவர். டிமோத்தி ஆண் அல்ல, பெண் என்பது இரண்டுபேரும் போன பிறகுதான் தெரிந்தது. அதன் ஓடு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவரை நல்ல குரு என்று சொல்லலாமா? மோர்ட்டன் பிங்க்னிக்காரர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். முகம் பாராத ஒருவருக்காக அவர்கள் ஊர் வருமானம் போய்க்கொண்டிருந்தது. செல்போர்ன், ஃபாரிங்டன்காரர்கள் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். ஒரே மனிதர் ஓரிடத்தில் வேலைக்கு வராத முதலாளி, இன்னோரிடத்தில் உண்மையாக உழைத்த சம்பளக்காரர். அந்த அமைப்பில் இரண்டும் ஒருவருக்கே சாத்தியம் என்பதை அவரைக் குற்றம் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அதெல்லாம் அப்படியே நீடிக்கவில்லை. 1836-ல் வந்த சட்டம் தசமபாகத்தைப் பணமாக மாற்றியது. வயலில் பச்சைக் கொப்பு செருகும் வேலை முடிந்தது. 1838-ல் ஒருவரே பல ஊர்களை வைத்துக்கொள்வதற்குக் கடிவாளம் போட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டில் பரிந்துரை உரிமையை விற்பது நின்றது. பெண்கள் 1994 முதல் குருக்களாகிறார்கள். 2015-ல் முதல் பெண் பேராயர் வந்தார். ரெக்டர், விக்கர் என்ற பெயர்கள் இன்றும் உண்டு; ஆனால் அவற்றுக்கும் வருமானத்துக்கும் தொடர்பில்லை, சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். கியூரேட் என்றால் இப்போது பெரும்பாலும் புதிதாகப் பட்டம் பெற்று, மூத்த குரு ஒருவரிடம் சில ஆண்டு பயிற்சியில் இருப்பவர். பரிந்துரை உரிமை மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளிடம் பல ஊர்களின் உரிமை இப்போதும் இருக்கிறது. ஆனால் 1986-ல் வந்த விதிப்படி, கல்லூரி சொல்லும் ஆள் பிடிக்கவில்லை என்றால் ஊர்ச் சபையின் பிரதிநிதிகள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.